சொட்ட வேண்டிய தண்ணீர்

மாரிக்கனியின் சிரிப்பு ஒன்றின் விலை நூற்றுப்பத்து ரூபாய். வாங்குகிறவர்களுக்கு ஒரு கப்புச்சினோ இலவசம்.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ‘கனி காபி பார்’ திறந்து பத்து மாதம் ஆகிறது. இந்த விலைப்பட்டியலைக் கண்டுபிடித்தவள் எலினா. மாரிக்கனியின் பள்ளித் தோழி. இப்போது கடையில் கல்லா அவள் பொறுப்பு.

“ஏட்டி, பயலுவ காபிக்கு வரல. கப்பை நீட்டும்போது ஒரு சிரிப்பு சிரிக்கேல்லா, அதுக்கு வாரானுவ. அத நிறுத்திட்டேன்னா நாளைக்கே நாம டீக்கடை போட்டுர வேண்டியதுதான்” என்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நின்றுபோனது.

கொச்சியில் மூடப்போன ஒரு ஓட்டலிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய இத்தாலிய எஸ்பிரசோ மிஷின் அது. பொத்தானை அமுக்கினாள். பாத்திரக்கடைக்குள் வண்டு புகுந்ததுபோல ‘ஙொய்ங்’ என்றது. அந்தச் சத்தம் மெல்ல உயர்ந்து, மூச்சுத் திணறி... அப்புறம் ஒன்றுமில்லை. கருகிய வாசனை மட்டும்.

“போச்சு... மூணாவது பம்பு” என்றாள் எலினா.

மாரிக்கனி மிஷினின் சுவிட்சை அணைத்தாள். பட்டாளத்தில் இருபத்தோரு வருடம் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்த அப்பா தவசிமுத்துவின் பணம் அந்த மிஷின். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். “ஒரு வருசம் பாப்போம்த்தா. ஓடலைன்னா மிஷின வித்துட்டு, நான் சொல்லுத எடத்துல வேலைக்குப் போயிரணும்.” வருடம் முடிய இரண்டு மாதம் பாக்கி. வருகிற வெள்ளிக்கிழமை கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜ் விழாவுக்கு நானூறு கப் ஆர்டர். அதை ஒழுங்காக முடித்தால் கடை பிழைக்கும். இல்லையென்றால்...

“கடைசி ரெண்டு பம்பும் எங்க வாங்கின?” என்று எலினாவைக் கேட்டாள் மாரிக்கனி.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாண்டி ஸ்பேர்ஸ். வாட்ஸப்புலதான் பேசினேன். கூரியர்ல அனுப்பினாரு. நம்ம எலெக்ட்ரீசியன் மாட்டினாரு.”

அந்த எலெக்ட்ரீசியன் வயர் கலரைப் பார்த்து மாட்டுவார். அதோடு அவர் கடமை முடிந்தது.

மாரிக்கனி கருகிய பம்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டாள். “வாட்ஸப்புல பேசினது போதும். நேர்ல போறேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தூறல். நாலு எட்டு வைப்பதற்குள் ஐப்பசி மழை மொத்த வியாபாரத்தில் இறங்கிவிட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து ஓடி, ஷட்டர் மூடிய ஏதோ ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றிருந்தான். கையில் பார்சல் டீ. நீலக் கட்டம் போட்ட சட்டை. இடம் விட்டு ஓரமாக நகர்ந்தான்... நகர்ந்தவன் அவளைப் பார்த்தான்.

இமைகளில் மழை கோத்திருந்தது. அவள் கண் சிமிட்டியபோது ஒரு துளி உருண்டு, கன்னத்து மச்சத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. துளிகூட அந்த இடத்தில் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது...

முதல் பார்வைக்குப் பேரம் கிடையாது. சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவன் எடுத்துக்கொண்டான்.

அவள் ‘அண்ணே’ என்று ஆரம்பிக்கத்தான் வாயெடுத்தாள். எதனாலோ அது மாறிவிட்டது.

“ஏங்க... இங்க பாண்டி ஸ்பேர்ஸ்னு ஒரு கடை எங்க இருக்கு?”

“எதுக்குக் கேக்கீங்க?”

“அந்தாளு சட்டையப் பிடிக்கணும்.”

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். “புதுச் சட்டையா இருந்தா கிழிஞ்சிருமே... பாவம்லா?”

“கிழியட்டும். மட்டமான பம்ப குடுத்து எங்க கடைய இழுத்து மூட வைக்கப் பாக்கான். ஒண்ணு நாப்பத்தஞ்சு நாளு ஓடுச்சு. அடுத்தது இருவது நாளு. ரெண்டாயிரத்து நானூறு ரூபா ஒரு பம்பு!”

“செத்த காட்டுங்க.”

கையை நீட்டினான். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. கொடுத்தாள். அவன் பம்பை உள்ளங்கையில் உருட்டினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். முகம் வருத்தமாக மாறியது.

“இது இயற்கைச் சாவு இல்லைங்க. கொலை.”

“என்னது?”

“காபித்தூள எப்படி அரைக்கீங்க?”

“நைசா... முகத்துக்குப் போடுத பவுடர் மாதிரி.”

“அமுக்குறது?”

“முழு பலத்தோட” என்று கையை ஓங்கிக் காட்டினாள். கண்ணாடி வளையல்கள் குலுங்கின. பலம் எம்புட்டு என்று அவனுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

“அப்பம் தண்ணி போக வழி ஏது? பம்பு ஒம்பது பார் அழுத்தத்துல தள்ளணும். தூளு வழி விடலைன்னா பத்து, பன்னெண்டு, பதினாலுன்னு ஏறும். அதுக்குன்னே பக்கத்துல ஒரு சின்ன வால்வு வச்சிருப்பான். ரிலீஃப் வால்வு. உள்ள ஒரு ஸ்பிரிங்கு, அம்புட்டுதான். அளவு தாண்டினா அது விட்டுக் குடுக்கும். கொஞ்சம் தண்ணிய வெளிய சொட்ட விட்டுரும். பம்பு பிழைச்சுக்கிடும்.”

“ஒரு ஸ்பிரிங்கா?”

“வீட்ல ரெண்டு பேரு முட்டிக்கிடும்போது, ஒருத்தரு ‘சரி விடு, சாப்பிட வா’ம்பாருல்ல... அவருதான் அந்த ஸ்பிரிங்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்கு நடுவில், தகரக் கூரைக்கு அடியில், நூற்றுப்பத்து ரூபாய்ச் சரக்கு அவனுக்கு ஓசியில் கிடைத்தது.

“ஒங்க மிஷின்ல தண்ணி சொட்டுமா?” குரலைச் சரிசெய்துகொண்டு கேட்டான்.

“ஒரு சொட்டு கெடையாது” என்றாள் பெருமையாக. “அம்புட்டு சுத்தமா வச்சிருக்கோம்.”

“சொட்டணுமே...” அவன் புருவம் சுருங்கியது. “சொட்டலைன்னா அந்த வால்வு வேலை செய்யலைன்னு அர்த்தம். அப்பம் பம்பு சுவத்துல முட்டி முட்டியே செத்துரும்.”

“இம்புட்டு விவரம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் டீயை முடித்தான். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் குனிந்து, பின்னால் இருந்த ஷட்டரை மேலே ஏற்றினான். உள்ளே சுவர் முழுக்க பம்பு, ஓஸ், வாஷர். நட்டநடுவில் ஒரு போர்டு: பாண்டி ஸ்பேர்ஸ்.

“உள்ள வாங்க. நனையாமப் பிடிக்கலாம்... சட்டைய.”

மாரிக்கனியின் முகத்தில் ரத்தம் ஏறியது. “மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருந்தா இம்புட்டு நேரம் பேசிருப்பீங்களா?”

பேசியிருக்க மாட்டாள். அந்த உண்மைதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது. “நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு எங்க கடைல இருக்கணும்!” என்று பம்பை மேஜையில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

பஸ் மடவார்வளாகம் தாண்டும்போதுதான் கவனித்தாள். ஈர ஜன்னல் கண்ணாடியில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிக்காரியும் நிறுத்தினாள். ஆனால், மனசில்லாமல்.

மறுநாள் எட்டே முக்காலுக்கு எலினா மூக்கை உறிஞ்சினாள்.

“ஏட்டி, மெக்கானிக் வாரதுக்கு மல்லிகைப்பூ எதுக்கு?”

“வெள்ளிக்கெழமல்லா.”

“இன்னைக்குச் செவ்வாக்கெழம.”

பதில் சொல்லாமல் தப்பிக்க ஒரு பைக் வந்து நின்றது. பாண்டிச்செல்வம் டூல் பாக்ஸோடு இறங்கினான். வாசல் ஸ்டூலில் தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ.

“தம்பி பேரு?”

“பாண்டிச்செல்வம் சார்.”

“அனுபவம்?”

“பெங்களூர்ல காபி மிஷின் கம்பெனில கொஞ்ச வருசம் சார். பொறவு சொந்தமா ஆறு வருசம். மதுரைல இருந்து தென்காசி வரை பதினோரு கடைக்கு நான்தான் பம்பு குடுக்கேன். பம்பு கெட்டா நான் பொறுப்புன்னு சொல்லித்தான் விக்கது.”

“ம். பாரு.”

உள்ளே நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டவை சிவப்புப் புள்ளிகள்தான். ஸ்டூல் காலில், வாளியில், சிலிண்டர் தலையில், விளக்குமாற்றுக் கட்டையில்... மிளகளவு சிவப்பு பெயிண்ட்.

“அது எங்கப்பா வேலை” என்றாள் மாரிக்கனி. “பட்டாளத்துல ஒரு தடவை லாரி ஜாக்கி காணாமப் போயி, அப்பா சம்பளத்துல பிடிச்சுட்டாங்களாம். அதுல இருந்து அவங்க கைபட்ட சாமானெல்லாம் புள்ளி வச்சிருவாங்க. மாசம் பொறந்தா நோட்டோட வந்து எண்ணுவாங்க.” சொல்லும்போதே அவள் குரல் மாறியது. “காலைல அஞ்சு மணிக்கு வந்து கடையத் தொடைச்சு, மிஷினுக்கு அடியிலகூட ஈரம் இல்லாம வச்சிட்டுத்தான் வாக்கிங் போவாங்க. இந்த வயசுல... எனக்காக. அவங்க இல்லைன்னா இந்தக் கடையே இல்ல.”

அந்தக் கண்கள்... நேற்று மழையில் பார்த்தவைதாம். ஆனால் இன்று அவற்றுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்திருந்தார்கள். வாசலில் தவசிமுத்து எதுவும் காதில் விழாதவர் போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் ஒரு நூல் அசைந்தது.

பாண்டிச்செல்வம் மிஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினான். டார்ச் அடித்தான். பம்பு இருந்த இடம்... அதற்குப் பக்கத்தில் வால்வு... வால்விலிருந்து வாளிக்குப் போக வேண்டிய ஓஸைக் காணோம். அந்த வாயில் ஒரு பித்தளை டம்மி. பிளம்பர்கள் குழாயின் வாயை அடைக்கப் போடுவார்களே, அந்தச் சின்ன மூடி. வெள்ளை டேப்பைச் சுருக்கமில்லாமல் சுற்றி, அழகாக இறுக்கியிருந்தது. அப்படி ஒரு சுத்தமான வேலை.

டம்மியின் தலையில் மிளகளவு சிவப்பு பெயிண்ட்.

அவன் ஸ்டூலைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். வாசலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த முதுகைப் பார்த்தான். மகள் கடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகக்கூடாது என்று நினைத்த கை. மூன்று பம்பையும் கொன்றது அந்தக் கைதான். அந்தக் கைக்கே அது தெரியாது.

“என்ன தம்பி?” வாசலிலிருந்து பரேடு மைதானக் குரல். “எவன் தப்பு?”

பாண்டிச்செல்வமும் யாவாரக் குடும்பத்தில் பிறந்தவன்தான். மனசுக்குள் தராசைத் தூக்கினான். ஒரு தட்டில் பதினோரு கடையும் ஆறு வருட நல்ல பெயரும். மறுதட்டில், சற்றுமுன் பார்த்த அந்த விளக்கு. ‘உங்கப்பாதான்’ என்று ஒரே வார்த்தை... ஊதினால் அணைந்துவிடும்.

தராசு சாய்ந்தது. சத்தமே இல்லாமல் டம்மியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டான்.

“எந் தப்புதான் சார். நான் குடுத்த பம்பு மட்டம்.”

எலினாவின் வாய் திறந்தபடி நின்றது. மாரிக்கனி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“வால்வுன்னு சொன்னீங்களே?”

“வால்வு நல்லாத்தான் இருக்கு.” அது உண்மைதான். அதனால் சொல்ல முடிந்தது. “வேற பம்பு போட்டுத் தாரேன். காசு வேண்டாம். தூள கொஞ்சம் பெருசா அரைங்க, அமுக்குறதக் கொறைச்சுக்கோங்க. ஓஸும் மாட்டுதேன். தண்ணி சொட்டும். அடியில வாளி வைங்க.”

அவள் அவனை முறைத்தாள். மட்டமான பம்பு என்று தெரிந்தே விற்றானா? அது தெரிந்தேவா மழையில் நின்று அத்தனை அழகாகப் பேசினான்?

“கொலைன்னீங்க... ஸ்பிரிங்கு, சாப்பிட வான்னு கதையெல்லாம் சொன்னீங்க. கடைசில கொலைகாரரே நீங்கதானா? நான்தான் கிறுக்கி... கேட்டுச் சிரிச்சேன்!”

அவன் குனிந்து புதுப் பம்பையும் ஓஸையும் மாட்டினான். ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்து உள்ளே வைத்தான்.

“விடுத்தா” என்றார் தவசிமுத்து. “தப்ப ஒத்துக்கிடுத ஆளு. பட்டாளத்துலயே அப்படி அம்புட்டுப் பேரு கெடையாது.”

பாண்டிச்செல்வம் அவரைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, பைக்கை உதைத்தான்.

அன்று மதியம், மதுரை-தென்காசி வட்டாரக் காபிக் கடைக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் மாரிக்கனி எழுதினாள். ‘பாண்டி ஸ்பேர்ஸ் பம்பு மட்டம் என்று அவரே ஒத்துக்கொண்டார். பார்த்து வாங்குங்கள்.’ சாயங்காலத்துக்குள் சங்கரன்கோவில் கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தார். இன்னும் நாலு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

“அவரும் இந்த குரூப்புல இருக்காரு ஏட்டி” என்றாள் எலினா. “எல்லாத்தையும் பாத்துட்டாரு. ஒரு வார்த்தை எழுதல.”

“என்னத்த எழுத? ஒத்துக்கிட்டவரு.”

“அதான் எனக்கு இடிக்கி. யாவாரி எவனாச்சும் முதல் கேள்விலயே ஒத்துக்கிடுவானா? எங்கப்பா சாயம் போன துணிய வித்துட்டு, வெயில் மேல கேஸ் போடச் சொன்னவரு.”

மாரிக்கனி மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பம்பு இப்போது கத்தவில்லை. சாப்பிட்டுத் தூங்கும் பூனை போல உறுமியது. காபி தேன் மாதிரி இறங்கியது. ஒவ்வொரு கப்புக்கும், அடியில் வாளியில்... டொக்... டொக்... டொக்...

சொட்டணுமே என்று சொன்னான். சொட்டுகிறது. பம்பும் நன்றாக இருக்கிறது.

அப்படியானால் பத்து மாதமாக ஏன் சொட்டவில்லை?

புதன்கிழமை முழுக்க அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக அவளோடு நடந்தது. போன் பண்ணிக் கேட்கலாம். பெயரைத் திரையில் கொண்டுவந்து கட்டைவிரலை மேலே வைப்பாள்... ரோஷம் வந்து விரலை எடுத்துவிடும். கேட்டுவிட்டால் அவனிடம் பேச ஆசை என்று ஆகிவிடாதா? ஆசை இல்லவே இல்லை. பூ வாங்கினது வெள்ளிக்கிழமை என்று நினைத்துத்தான்.

சேத்தூரில் ஒரு புதுவீட்டுப் பால் காய்ப்புக்குப் போயிருந்த தவசிமுத்து புதன் சாயங்காலம் திரும்பினார். வியாழக்கிழமை விடிகாலை, காலேஜ் ஆர்டருக்குக் காபிக்கொட்டை அரைத்து வைக்க மாரிக்கனி வழக்கத்தைவிட முன்னதாகவே கடைக்குப் போனாள். உள்ளே விளக்கு எரிந்தது.

அப்பா தரையில் மண்டியிட்டிருந்தார். மிஷினின் பக்கத் தகடு கழன்று கிடந்தது. வாயில் டார்ச். கையில் வெள்ளை டேப் சுற்றிய பித்தளை டம்மி. பக்கத்தில் மூடி திறந்த சிவப்பு பெயிண்ட் டப்பா.

“அப்பா... என்ன பண்ணுதீங்க?”

அவர் டார்ச்சை எடுத்துவிட்டுச் சிரித்தார். கையும் களவுமாக மாட்டிய சிரிப்பு இல்லை. மகளுக்குத் தெரியாமல் நல்லது செய்து மாட்டிக்கொண்ட சிரிப்பு.

“மறுபடியும் ஒழுக ஆரம்பிச்சிருச்சுத்தா. ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் போவுது. கேன் தண்ணி முப்பது ரூவா. கடை தொறந்த புதுசுலயே அடைச்சு வச்சிருந்தேன். அந்தத் தம்பி தெரியாமக் கழத்திட்டான் போலுக்கு.”

மாரிக்கனி அவர் கையிலிருந்த டம்மியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். செருப்புக்குள் இருந்த கல் எது என்று தெரிந்துவிட்டது.

மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைத்தால் நாளை நாலாவது பம்பும் எரியும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வால்வு, ஸ்பிரிங்கு, ஒன்பது பார், சுவரில் முட்டிச் சாகும் பம்பு... மழையில் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். இத்தனையும் மனப்பாடமாக இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

தவசிமுத்து டம்மியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பம் மூணையும் எரிச்சது நானா?”

“தெரியாமத்தானப்பா...”

“ஜெய்சால்மர் பாலைவனத்துல இருந்தோம்லா. ஒரு குப்பி தண்ணிய மூணு பேரு நாள் பூரா வச்சிக் குடிப்போம். அதுல இருந்து தண்ணி சொட்டுத சத்தம் கேட்டா எனக்குத் தாங்காது.” நிறுத்தினார். “அந்தத் தம்பிக்கு நான்தான்னு தெரியுமா?”

“புள்ளியப் பாத்திருப்பாரு.”

“பாத்துட்டா எந் தப்புன்னான்?”

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நீ எழுதின அந்த குரூப்பு... அதுல எப்படிப் பேசுதது?”

மாரிக்கனி போனில் மைக்கை அமுக்கிப் பிடித்தாள். விடிகாலை ஐந்தே காலுக்குப் பதினோரு காபிக் கடைக்காரர்களின் போனிலும் பரேடு மைதானம் புகுந்தது.

“கவனிங்க. நான் ஹவில்தார் தவசிமுத்து, ரிட்டயர்டு. கனி காபி பார் மிஷின்ல வால்வ அடைச்சது நான். பம்பு மேல தப்பில்ல. பம்பு குடுத்த தம்பி மேலயும் தப்பில்ல. ஆர்டர ரத்து பண்ணினவுக திரும்பப் போடுங்க. ஜெய்ஹிந்த்.”

பிறகு மகளைப் பார்த்தார். “நீ போயி அவனக் கூட்டிட்டு வா. நான் போனா சார் சார்னு எந்திரிச்சு நிப்பானே தவிர, ஒண்ணும் பேச மாட்டான். அப்படியே... தண்ணி வீணாப் போகாம இருக்க வழி இருக்கான்னும் கேளு.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுபடியும் மழை. அதே தகரக் கூரை. அதே மூடிய ஷட்டர். அவள் மட்டும் தனியாக நின்றாள். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் நெஞ்சு ஒரு படி ஏறி இறங்கியது...

ஏழரைக்கு அவன் வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அதே நீலக் கட்டம். அவளைப் பார்த்ததும் பைக்கை ஸ்டாண்டு போட மறந்து, அது சாய்ந்து, பிடித்து நிறுத்தினான்.

“சட்டையப் பிடிக்க வந்தீங்களா?”

அவள் கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு பித்தளை டம்மி. தலையில் ஈரம் காயாத சிவப்புப் புள்ளி. அவன் ஒரு நிமிடம் தயங்கிவிட்டு, தன் பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

அவன் மழையைப் பார்த்தான். “அப்பாவப் பத்திச் சொல்லும்போது ஒங்க மொகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? பம்பு போனா வேற பம்பு இருக்கு. அந்த மொகத்துக்கு எங்க போயி ஸ்பேர் வாங்க?”

“அதுக்காக ஒங்க பேரையா...”

“பேர சம்பாதிச்சிக்கிடலாம்னு நெனச்சேன். ஆறு வருசத்துல ஒருக்கா சம்பாதிச்சதுதானே.”

 சட்டென்று எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். காலரை. நிஜமாகவே.

“இனிமே எங்கிட்ட பொய் சொல்லக்கூடாது. எங்கப்பாவுக்காகக்கூட.”

“சரிங்க.”

“நான் எழுதினதுக்கு... மன்னிச்சிருங்க.”

“சரிங்க.”

“பொறவு... எனக்கு...” நின்றுவிட்டாள். வார்த்தை தொண்டை வரை வந்து, ரோஷத்தில் முட்டி, திரும்பிப் போனது. மறுபடி வந்தது. முகம் சிவந்துகொண்டே போனது. காலரை விடவில்லை.

அவன் கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. மெதுவாக எண்ண ஆரம்பித்தான்.

“ஒம்பது... பத்து...”

“எண்ணாதீங்க.”

“பன்னெண்டு...”

“எண்ணாதீங்கன்னேன்லா!”

“பதினாலு... பம்பு எரிஞ்சிரப் போவுதுங்க...”

“ஒங்களப் பிடிச்சிருக்கு! போதுமா?”

மழை ஒரு கணம் நின்று கேட்டது போல இருந்தது. எதிர்க்கடைக்காரர் நிஜமாகவே கேட்டார். குடையை மடக்குவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எனக்குத் திங்கக்கெழமையே” என்றான் பாண்டிச்செல்வம், இப்போது குறும்பில்லாத குரலில். “கண்ணு சிமிட்டினீங்க... ஒரு சொட்டு விழுந்துச்சு. அதுல இருந்து இங்க ஒண்ணும் சரியா இல்ல” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் சிரித்தாள். கப்புச்சினோ வாங்கிய எவருக்கும் அதுவரை கொடுக்காத சிரிப்பு அது. ஸ்டாக்கிலேயே இல்லாத அயிட்டம்.

பத்து மணிக்குக் கனி காபி பாரில், பாண்டிச்செல்வம் ஒரு முழ ஓஸை வெட்டினான். ஒரு முனையை வால்வின் வாயில் செருகினான். மறுமுனையை வாளிக்கு விடாமல், வளைத்து, மிஷின் தண்ணீர் எடுக்கும் தொட்டிக்கே கொண்டுபோனான்.

“அடைக்க வேண்டாம் சார். திருப்பி விட்டாப் போதும். வெளிய வாரது மறுபடியும் தொட்டிக்கே போயிரும். ஒரு சொட்டு வீணாகாது.”

தவசிமுத்து குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். டொக் சத்தம் இல்லை. நிமிர்ந்தார்.  அவனைப் பார்த்து நேராக நின்று, ஒரு முறை தலையை அசைத்தார். பிறகு பெயிண்ட் டப்பாவை எடுத்து, அவனுடைய டூல் பாக்ஸின் மூடியில், மெனக்கெட்டு, மிளகளவு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார்.

பாண்டிச்செல்வம் புரியாமல் பார்த்தான். மாரிக்கனிக்குப் புரிந்தது. ஓடிப்போய் காபி அரைக்கும் மிஷினைப் போட்டுவிட்டாள், தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க.

“ஏட்டி எலினா...” என்றாள் எலினா தனக்குத்தானே, “கல்யாணத்துக்கு எடுக்கப்போற சேலைக்கு இப்பவே சீட்டுக் கட்ட ஆரம்பி.”

வெள்ளிக்கிழமை நானூறு கப்பும் போனது. பம்பு ஒரு முனகல் முனகவில்லை. சங்கரன்கோவில் கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டு பம்பாக ஆர்டர் போட்டார்.

மாதம் பிறந்தது. ஹவில்தார் தவசிமுத்து நோட்டோடு வந்து, வழக்கம்போலக் கடைச் சாமான்களை எண்ணிக் குறித்தார். அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போன நோட்டை மாரிக்கனி எடுத்துப் பார்த்தாள்.

ஸ்டூல் – ஆறு. புள்ளி உண்டு.
வாளி – இரண்டு. புள்ளி உண்டு. ஒன்று இனி தேவையில்லை.
சிலிண்டர் – ஒன்று. புள்ளி உண்டு.
விளக்குமாறு – ஒன்று. புள்ளி உண்டு.
பித்தளை டம்மி – இரண்டு. புள்ளி உண்டு. உபயோகிக்கக் கூடாது.
டூல் பாக்ஸ் – ஒன்று. புள்ளி உண்டு.
மெக்கானிக் – ஒன்று. புள்ளி வைக்க வேண்டியது பாக்கி. தை மாதம்.